அவசர உதவி: மலை ரயில் வீடியோ முழுக்க மங்கல், நாளை காலை மறுபடி போகிறேன்

கோவைக்குருவி (மாலை 6:50)
நண்பர்களே, அவசரம். மேட்டுப்பாளையம் - குன்னூர் நீராவி ரயிலைப் படமெடுக்க இன்று காலை கல்லாறு போயிருந்தேன். இதற்காகவே மார்கழிக் குளிரில் மூன்று நாள் லீவு போட்டு வந்தவன். சரியாக ரயில் வரும் நேரத்தில் எல்லாம் பால் ஊற்றியதுபோல் வெள்ளையாகிவிட்டது. எஞ்சினும் இல்லை, பெட்டியும் இல்லை, சத்தம் மட்டும் அருமையாகப் பதிவாகியிருக்கிறது. துடைத்தேன், திரும்பவும் அதே. என்ன செட்டிங் மாற்றவேண்டும்? நாளை ஒருநாள்தான் மிச்சம்.

ஷட்டர்சங்கதி (6:58)
எந்த கேமரா? மொபைலா? எந்த லென்ஸ்? ஒன்றும் சொல்லாமல் எதை மாற்றச் சொல்வது?

வெளிச்சப்புள்ளி (7:05)
இது எக்ஸ்போஷர் (படத்தில் பதியும் வெளிச்ச அளவு) கோளாறு, சந்தேகமே இல்லை. குளிர்காலத்தில் எஞ்சின் விடும் ஆவி உடனே குளிர்ந்து கெட்டியான வெள்ளை மேகமாக நிற்கும். ஆட்டோவில் விட்டால் கேமரா பின்னால் இருக்கும் இருட்டுக் காட்டைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டிவைக்கும். அப்புறம் ஆவி வந்ததும் வெளுத்துப்போகும். மேனுவலில் வையுங்கள், ஒரு ஸ்டாப் குறையுங்கள், அதாவது வெளிச்சத்தைப் பாதியாக்குங்கள். இரண்டு வருடமாக நான் இப்படித்தான் எடுக்கிறேன்.

டிரைபாட்தம்பி (7:11)
எக்ஸ்போஷர் இல்லை ப்ரோ, ஃபோகஸ். ஆவியைப் பார்த்ததும் ஆட்டோ ஃபோகஸ் அலைபாயும். ரயில் வருமுன்பே தண்டவாளத்தில் ஒரு கல்லைப் பார்த்து ஃபோகஸ் வைத்துப் பூட்டிவிடுங்கள். கேமரா மாடல் சொல்லுங்கள், எந்தப் பட்டன் என்று சொல்கிறேன்.

பழையதண்டவாளம் (7:20)
மாதம் ஒருவர் இதே கேள்வியோடு வருகிறார். தேடிப் படிக்கும் பழக்கம் போய்விட்டது. முதலில் எந்த ரயிலைப் படமெடுக்கிறோம் என்றாவது தெரியவேண்டாமா? 1899ல் குன்னூர் வரை, 1908ல் ஊட்டி வரை வந்த பாதை இது. நீராவி எஞ்சின் குன்னூர் வரைதான், அதற்கு மேலே வழக்கமாக டீசல். ஏறும்போது எஞ்சின் பின்னாலிருந்து தள்ளும். முதலில் வருவது பெட்டி, அதன் முன் மேடையில் கொடியோடு ஒரு பிரேக்காரர். எஞ்சினை முன்னால் எதிர்பார்த்து நின்றிருந்தால் கோளாறு கேமராவில் இல்லை.

கோவைக்குருவி (7:26)
சார், எஞ்சின் பின்னால் வரும் என்று தெரியும். கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தது. கேமராவில்தான் இல்லை. வெளிச்சமும் இருந்தது. ரயில் வருவதற்கு முன்பே மங்கல் ஆரம்பித்துவிட்டது.

ஷட்டர்சங்கதி (7:28)
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! எந்த கேமரா?

குன்னூர்வாசி (7:35)
ஒரு வார்த்தை. கல்லாறு தாண்டித் தண்டவாளத்தில் இறங்கி நிற்காதீர்கள். ரயில்வே சட்டம் 147ஆவது பிரிவில் அத்துமீறலுக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது அபராதம் உண்டு. அதைவிடப் பெரிய விஷயம், அது யானை நடமாடும் இடம். குன்னூருக்குக் கீழே காட்டேரிப் பூங்காப் பக்கம் வந்தால் ரன்னிமீடு ரயில் நிலையம் அருகே பாதை தெரியும். அவசரப்பட்டு விரட்டவும் வேண்டாம். 7:10க்குக் கிளம்பும் ரயில் குன்னூர் வர மூன்று மணி நேரத்துக்கு மேல் எடுக்கும். கல்லாறில் எடுத்துவிட்டுக் கொண்டை ஊசி வளைவெல்லாம் நிதானமாக ஏறி, ஒரு டீயும் குடித்துவிட்டு ரன்னிமீட்டில் காத்திருக்கலாம்.

புகைப்பிரியன் (7:41)
எதற்கு இவ்வளவு பாடு? எண்ணெயில் எரியும் எஞ்சினை நீராவி எஞ்சின் என்று சொல்லவே எனக்கு மனம் வரவில்லை. நிலக்கரி வாசனை இல்லாத ரயில் என்ன ரயில்?

பழையதண்டவாளம் (7:49)
அடுப்பில் எதை எரித்தாலும் கொதிப்பது தண்ணீர்தான் தம்பி. விறகடுப்பில் வைத்தால்தான் சோறு, கேஸில் வைத்தால் சோறில்லையா? பொன்மலைப் பணிமனையில் 2021ல் நிலக்கரி எஞ்சினும் செய்து கொடுத்தார்கள், அது தெரியுமா? இந்த எக்ஸ் வகை எஞ்சினில் நான்கு சிலிண்டர். சாதாரணப் பாதையில் இரண்டு மட்டும் வேலை செய்யும். கல்லாறு தாண்டி, நடுவே பற்கள் வைத்த பல் தண்டவாளத்தில் ஏறியதும், அந்த இரண்டில் உழைத்த ஆவியே அடுத்த இரண்டுக்குப் போய்ப் பல்சக்கரத்தைச் சுற்றும். அந்த இடத்தில் சத்தம் மாறும், காது இருந்தால் கேட்கும்.

புகைப்பிரியன் (7:53)
சோறு ஒன்றுதான், ருசி ஒன்றா? விறகடுப்புச் சோறு சாப்பிட்டவர்களைக் கேளுங்கள்.

டிரைபாட்தம்பி (7:55)
சத்தம் மாறும் விஷயம் எனக்குப் புதிது. பழைய வீடியோவைப் போட்டுக் கேட்டேன், உண்மைதான்! சரி, கோவைக்குருவி எங்கே?

கண்ணாடிமாமா (8:02)
தம்பி, செட்டிங்கை விடுங்கள். நேற்று ராத்திரி எங்கே தங்கினீர்கள்? கேமரா எங்கே இருந்தது?

கோவைக்குருவி (8:15)
ஊட்டியில், காலை 5 மணிக்குக் கிளம்பி இறங்கினேன். கேமரா பையோடு ராத்திரி முழுக்கக் கார் டிக்கியில். ஏன் கேட்கிறீர்கள்?

கண்ணாடிமாமா (8:31)
அகப்பட்டது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த தண்ணீர் பாட்டில் மேசையில் வியர்க்கிறதல்லவா, உங்கள் லென்ஸும் அதையேதான் செய்திருக்கிறது. ஊட்டி 2,200 மீட்டருக்கு மேலே, இப்போது விடியலில் புல்லில் உறைபனி படியும் காலம். டிக்கிக்குள்ளும் அந்தக் குளிர்தான். கல்லாறு அடிவாரம், காற்றில் ஈரமும் வெதுவெதுப்பும். குளிர்ந்த கண்ணாடியில் அந்த ஈரம் வந்து படிந்தால் மங்காமல் என்ன செய்யும்? பஞ்சு வைத்த பையானதால் இரண்டு மணி நேரம் வந்தும் குளிர் உள்ளேயே இருந்திருக்கும். துடைத்தாலும் கண்ணாடி சூடாகிற வரை திரும்பத் திரும்பப் பூக்கும். நான் மூக்குக்கண்ணாடி போடுகிறவன், இட்லிப் பானையைத் திறக்கும்போதெல்லாம் படுகிற பாடு இது.

இன்று ராத்திரி கேமராவை அறைக்குள் வையுங்கள். கிளம்புமுன் காற்று போகாத பிளாஸ்டிக் பையில் போட்டு மூடி, டிக்கியில் வைக்காமல் உங்களோடு சீட்டில் கொண்டுவாருங்கள். கல்லாறுக்கு அரை மணி நேரம் முன்னாலேயே போய்ப் பையைத் திறக்காமல் வையுங்கள். பூப்பதெல்லாம் பைக்கு வெளியே பூத்துவிடும். அங்கே நின்று லென்ஸைக் கழற்றாதீர்கள். உள்ளே ஈரம் போனால் பூஞ்சை வரும்.

வெளிச்சப்புள்ளி (8:36)
இருந்தாலும் ஒரு ஸ்டாப் குறைத்து வைப்பது நல்லது.

குன்னூர்வாசி (9:10)
இங்கே மேகம் கறுத்துவிட்டது. ராத்திரி மழை பெய்தால் காலையில் ரயில் ஓடுகிறதா என்று விசாரித்துவிட்டு இறங்குங்கள்.

புகைப்பிரியன் (9:22)
ஓடினால் எண்ணெய்ப் புகை, ஓடாவிட்டால் அதுவும் இல்லை.

பழையதண்டவாளம் (9:25)
உனக்கு ரயில் வேண்டாம், கரிமூட்டை போதும்.

கோவைக்குருவி (மறுநாள் காலை 9:40)
மாமா சொன்னபடியே செய்தேன். லென்ஸ் பளிச்சென்று இருந்தது, ஒரு பொட்டு ஈரம் இல்லை. ரயில்தான் வரவில்லை. ராத்திரி மழையில் பாதையில் மண் சரிந்துவிட்டதாம், இன்று ரத்து. ஒரு மந்தி வந்து எதிரில் உட்கார்ந்தது, அதை எடுத்தேன். நன்றி எல்லோருக்கும். பஸ் வந்துவிட்டது.

டிரைபாட்தம்பி (9:44)
பஸ்ஸா? காரில் வந்ததாகச் சொன்னாரே?

ஷட்டர்சங்கதி (9:51)
அதை விடுங்கள். கடைசிவரை எந்த கேமரா என்று சொல்லவேயில்லை.