பட்டி தேய்க்க எந்த மாஸ்க்? தின்னர் வாசனைக்கு எது?

தூசிமண்டை

வீட்டுல ரெண்டு ரூமுக்கு நானே பெயிண்ட் அடிக்கிறேன். சுவத்துக்கு பட்டி (வால் புட்டி) பார்த்து காய்ஞ்சதும் உப்புத்தாள் போட்டு தேய்க்கிறப்ப சாதா சர்ஜிக்கல் மாஸ்க் தான் போட்டிருந்தேன், சாயங்காலம் மூக்கு சிந்தினா வெள்ளையா வருது, மாஸ்க்க கழட்டி கண்ணாடில பாத்தா ரெண்டு கன்னத்துலயும் கோடு இழுத்த மாதிரி பவுடர். சரின்னு வால்வு வச்ச என்95 ஒண்ணு வாங்கினேன், தூசிக்கு பரவால்ல. ஆனா கதவுக்கு எனாமல் அடிக்கும்போது தின்னர் வாசனை அப்படியே உள்ள வருது, அரை மணி நேரத்துல தலைவலி. டூப்ளிகேட்ட தலைல கட்டிட்டாங்களா? இன்னொரு விஷயம், அப்பாவுக்கு கீமோ போயிட்டிருக்கு, ஆஸ்பத்திரிக்கு கூட போறப்ப இதே மாஸ்க்க போட்டுக்கலாமா? கேஎன்95, எஃப்எஃப்பி2, கேஎஃப்94னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க, குழம்பிட்டேன்.

லேப்வாசி

டூப்ளிகேட் இல்ல ப்ரோ, ஒரிஜினலா இருந்தாலும் வாசனை வரத்தான் செய்யும். என்95 பிடிக்கிறது துகள மட்டும் தான், அதாவது தூசி, புகை, தும்மல் துளி இதெல்லாம். தின்னர்ல இருந்து வர்றது ஆவி, அது நார்ல ஒட்டாது, காத்தோட காத்தா உள்ள வந்துரும். அதுக்கு ரப்பர் ஹாஃப் மாஸ்க், ரெண்டு பக்கமும் ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜ் மாட்டுறது வேணும், உள்ள ஆக்டிவேட்டட் கார்பன் இருக்கும், அது தான் ஆவிய உறிஞ்சும். அமெரிக்க முறைல கருப்பு பட்டை, ஐரோப்பிய முறைல பழுப்பு பட்டை போட்டு 'ஏ'ன்னு எழுதியிருக்கும். ஸ்ப்ரே அடிக்கிறதா இருந்தா கார்ட்ரிட்ஜுக்கு மேல துகள் ஃபில்டரும் சேர்த்து மாட்டணும். வேலை முடிஞ்சதும் காத்து புகாத கவர்ல போட்டு மூடி வைங்க, வெளிய கிடந்தா சும்மா கிடந்தே தீந்து போகும். ஜன்னலயும் தொறந்து வைங்க. ஹார்ட்னர் கலக்குற டூ-பேக் பெயிண்ட மட்டும் வீட்டுல ஸ்ப்ரே பண்ணாதீங்க, அதுல ஐசோசயனேட்னு நுரையீரல பாதிக்கிற கெமிக்கல் இருக்கலாம், வாசனைய வச்சு உஷாராக முடியாது.

பழையபிரஷ்

இருபது வருசமா மூஞ்சில துண்ட கட்டிக்கிட்டு தான் தேய்க்கிறேன், ஒண்ணும் ஆகல. சும்மா பயமுறுத்தாதீங்கப்பா. மாஸ்க் அழுக்கானா சோப்பு போட்டு அலசி காய வச்சா மறுபடி புதுசு.

லேப்வாசி

அண்ணே துண்டு உங்க இஷ்டம், ஆனா அலசுறத மட்டும் யாருக்கும் சொல்லாதீங்க. அந்த நடு லேயர் சல்லடை மாதிரி வேலை செய்யல, நார்ல நிலை மின்சாரம் ஏத்தி வச்சிருக்காங்க, சின்ன துகள அது தான் இழுத்து ஒட்ட வைக்குது. சோப்போ ஸ்பிரிட்டோ பட்டா அந்த சார்ஜ் போயிரும், பாக்க மாஸ்க் மாதிரியே இருக்கும், அவ்ளோ தான். 0.3 மைக்ரான் அளவுல தான் டெஸ்ட் பண்றாங்க, பிடிக்க கஷ்டமான சைஸ் அது. அதவிட பொடிசு எல்லாம் அங்க இங்க தடுமாறி எப்படியும் நார்ல போய் மோதிக்கும்.

டூட்டிநர்ஸ்

தம்பி, அப்பா கூட போறப்ப வால்வு மாஸ்க் வேண்டவே வேண்டாம். நீ உள்ள இழுக்குற காத்து தான் வடிகட்டி வருது, நீ விடுற மூச்சு அந்த மூடி வழியா அப்படியே வெளிய போகும். கீமோல இருக்கவருக்கு உன் சளி தான் ஆபத்து. வால்வு இல்லாத புதுசு ஒண்ணு எடுத்துக்கோ, பட்டி தூசி படிஞ்சத கொண்டு போய் ஆஸ்பத்திரில உதறாத.

பேர வச்சு குழம்பாத, நாட்டுக்கு நாடு தரத்துக்கு வச்ச பேரு அது. என்95, கேஎன்95 ரெண்டும் துகள குறைஞ்சது 95 சதவீதம் பிடிக்கும், எஃப்எஃப்பி2, கேஎஃப்94 ரெண்டும் 94. அந்த ஒரு சதவீதத்துல ஒண்ணும் இல்ல, ஓரத்துல தான் எல்லாம் கோட்டை விடுறோம். உன் கன்னத்துல விழுந்த கோடு என்னன்னு நெனச்ச? காத்து துணிக்குள்ள போகாம பக்கவாட்டுல போன வழி அது. மேல் பட்டை உச்சந்தலைக்கு பின்னாடி, கீழ் பட்டை காதுக்கு கீழ கழுத்துல, ரெண்டையும் குறுக்கா போடக்கூடாது. மூக்கு கம்பிய ஒரு கையால கிள்ளினா கூரா மடங்கி சந்து விழும், ரெண்டு கை விரலாலயும் நடுவுல இருந்து கன்னம் வரைக்கும் தடவி அழுத்து. அப்புறம் மாஸ்க் மேல கைய பொத்தி மூச்சு விட்டு பாரு, கண்ணு பக்கம் காத்து அடிச்சா சரியா உக்காரலன்னு அர்த்தம். தாடி இருக்கா? இருந்தா இவ்வளவு சொன்னதும் வேஸ்ட்.

சுவர்க்கோழி

ரொம்ப பழைய வீடா? பழைய பெயிண்ட்ல ஈயம் இருக்கலாம், அத வறட்டுத் தேய்ப்பு தேய்க்காதீங்க. தண்ணி தொட்டு தேய்ங்க, குழந்தைங்கள அந்தப் பக்கம் விடாதீங்க.

தூசிமண்டை

அக்கா எப்படி கண்டுபிடிச்சீங்க, தாடி இருந்துச்சு, எடுத்தாச்சு. புது மாஸ்க்க மாட்டி ஊதினேன், மூக்குக்கண்ணாடி புகை மூட்டமாச்சு, கம்பிய ரெண்டு கையால அழுத்தினதும் நின்னுருச்சு. வீடு பழசு இல்ல, பட்டியும் நான் போட்டது தான். கார்ட்ரிட்ஜ் மாஸ்க் ஆர்டர் போட்டிருக்கேன், அது வர்ற வரைக்கும் கதவு பாதி வெள்ளை பாதி மரமா நிக்கட்டும்.