மருத்துவமனை இயந்திரத்துக் குளிர்பானத்தை அப்பாவுக்குக் கொடுக்கலாமா?

கேள்வி:
அப்பாவுக்குச் சர்க்கரை வியாதி, ஒரு வாரமாக ஆஸ்பத்திரியில் இருக்கிறார். வார்டு வாசலிலேயே பானம் தரும் இயந்திரம் நிற்கிறது, கண் மட்டத்தில் எல்லாம் கோலாவும் மாம்பழ பானமும்தான், தண்ணீர் பாட்டில் கீழ்த்தட்டில் ஒரு ஓரமாக. ராத்திரி நாக்கு வறண்டால் அதிலிருந்துதான் கேட்கிறார். வாங்கித் தரலாமா?

பதில் 1:
வேண்டாங்க. 300 மி.லி. கோலாவில் சுமார் 32 கிராம் சர்க்கரை, உலக சுகாதார நிறுவனம் நாள் முழுவதற்குமே 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது. லேபிளில் 100 மி.லி.க்கு என்று போட்டிருப்பார்கள், பாட்டில் அளவுக்குப் பெருக்கிப் பாருங்கள். அப்புறம், நாக்கு வறள்வதே சர்க்கரை ஏறியதால் இருக்கலாம், நர்ஸிடம் உடனே சொல்லுங்கள்.

பதில் 2:
பக்கத்தில் டீ, காபி இயந்திரம் இருந்தால் அதையும் கவனியுங்கள், பல இடங்களில் பொடியிலேயே சர்க்கரை கலந்துதான் வருகிறது. பெயரில் ஓஆர்எஸ் (வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசல்) என்று இருந்த இனிப்புப் பானங்களையும் நம்பாதீர்கள், 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பெயரையே எடுக்கச் சொல்லிவிட்டது. அசல் ஓஆர்எஸ் கரைசலில் ஒரு லிட்டருக்குக் குளுக்கோஸ் 13.5 கிராம்தான்.

பதில் 3:
ஒரே ஒரு நேரம் விதிவிலக்கு. ரத்தச் சர்க்கரை 70 மி.கி./டெ.லி.க்குக் கீழே இறங்கி வியர்த்து நடுங்கினால், நல்ல நினைவோடு இருப்பவருக்கு அரை டம்ளர் சாதா கோலா கைகொடுக்கும், டயட் கோலா உதவாது.

கேள்வி கேட்டவர்:
நன்றி. நர்ஸிடம் சொல்லிவிட்டேன், இப்போதுதான் ஊசி குத்திச் சர்க்கரை பார்க்கிறார்கள். கட்டில் பக்கத்தில் தண்ணீர் வைத்துவிட்டேன்.