டோவர் வழக்கும் "இரண்டு பக்கமும் சொல்லட்டுமே" என்ற வாதமும்

செங்காந்தள்:
"பரிணாமமும் ஒரு தியரி, இன்டெலிஜென்ட் டிசைனும் ஒரு தியரி, இரண்டையும் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டால் அவர்களே முடிவு செய்துகொள்வார்கள்" என்று கல்லணை அண்ணன் நேற்று எழுதியிருந்தார். உயிர்களை அறிவுள்ள ஒருவர் திட்டமிட்டு வடிவமைத்திருக்க வேண்டும் என்ற கருத்துதான் இன்டெலிஜென்ட் டிசைன். இரண்டையும் சொல்லலாம் என்பதைப் பலரும் நல்ல எண்ணத்தோடுதான் சொல்கிறார்கள், அதனால்தான் தனித் திரி தொடங்குகிறேன். இதே வாதம் அமெரிக்காவில், பென்சில்வேனியா மாநிலத்தின் டோவர் என்ற சிற்றூரில், கோர்ட் வரைக்கும் போயிருக்கிறது. 2004 அக்டோபரில் அந்த ஊர்ப் பள்ளி வாரியம் 6க்கு 3 என்ற வாக்கில் ஒரு தீர்மானம் போட்டது. டார்வின் கோட்பாட்டில் ஓட்டைகள் இருக்கின்றன, இன்டெலிஜென்ட் டிசைன் போன்ற வேறு விளக்கங்களும் உண்டு என்பதை மாணவர்களுக்குத் தெரிவிக்க வேண்டுமாம். ஒன்பதாம் வகுப்பு உயிரியலில் வாசிக்க ஓர் அறிக்கையும் தயாரானது. ஆசிரியர்கள் வாசிக்க மறுத்தார்கள். 2005 ஜனவரியில் நிர்வாகிகளே வகுப்புக்குள் வந்து வாசித்தார்கள். அதற்கு முன்பே, 2004 டிசம்பரில், 11 பெற்றோர் வழக்குப் போட்டிருந்தார்கள். ஹாரிஸ்பர்க்கில் ஆறு வாரம் விசாரணை நடந்தது. 2005 டிசம்பர் 20 அன்று நீதிபதி ஜான் ஜோன்ஸ், இது அறிவியல் அல்ல, மதக் கருத்து, அரசுப் பள்ளியில் இதைப் புகுத்துவது அரசியலமைப்புக்கு விரோதம் என்று 139 பக்கத்தில் தீர்ப்பு எழுதினார். அவர் ஜார்ஜ் புஷ் நியமித்த குடியரசுக் கட்சிக்காரர்.

கல்லணை:
தம்பி, அந்த அறிக்கை நாலே பத்தி. வாசித்து முடிக்க ஒரு நிமிடம். டார்வின் கோட்பாடு இன்னும் சோதிக்கப்பட்டு வருகிறது, வேறு விளக்கமும் உண்டு, வேண்டுமானால் புத்தகம் இருக்கிறது, மனதைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். இதற்குப் போய் ஆறு வாரம் கோர்ட்டா? ஒரு நிமிடப் பேச்சில் ஆடிப்போகிற அளவுக்கா உங்கள் அறிவியல் இருக்கிறது?

நான் கோயம்புத்தூரில் 30 வருடமாக மோட்டார் காயில் கட்டுகிறவன். ஜெபம் பண்ணாமல் சாப்பாட்டில் கை வைக்காத வீடு எங்களுடையது. பாக்டீரியா நீந்துவதற்காக அதன் பின்னால் சுழலும் வால் போன்ற கசையிழையின் படத்தை முதன்முதலாகப் பார்த்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. ஷாஃப்ட் இருக்கிறது, அதைத் தாங்கும் புஷ் மாதிரி ஒன்று இருக்கிறது, சுழலாமல் நிற்கும் ஸ்டேட்டர் பாகம் இருக்கிறது. என் பட்டறையில் ஒரு புஷ் தேய்ந்தாலே மோட்டார் நின்றுவிடும். ஒரு பாகம் குறைந்தாலும் ஓடாத ஒன்று கொஞ்சம் கொஞ்சமாக எப்படி வந்திருக்கும்? லீஹை பல்கலைக்கழகத்தின் மைக்கேல் பீஹி ஒரு உயிர்வேதியியல் பேராசிரியர், அவர் கேட்டதும் இதைத்தான். கேள்வி கேட்பதே குற்றமா?

செங்காந்தள்:
கேள்வி கேட்பது குற்றமே இல்லை அண்ணா. பீஹி அந்த வழக்கில் சாட்சிக்கூண்டில் ஏறி, நேரம் எடுத்து, தன் வாதத்தை முழுக்க சொன்னார். யாரும் தடுக்கவில்லை. நம் உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பு எப்படிப் பரிணமித்தது என்று அறிவியலிடம் பதிலே இல்லை என்று அவர் எழுதியிருந்தார். குறுக்கு விசாரணையில் அது பற்றிய 58 ஆய்வுக் கட்டுரைகளையும் 9 புத்தகங்களையும் அவர் முன்னால் அடுக்கினார்கள். அது போதாது என்றார். அறிவியல் கோட்பாடு என்பதற்கு அவர் சொன்ன விளக்கத்தின்படி பார்த்தால் ஜோதிடமும் அதில் வருமா என்று கேட்டபோது, வரும் என்று ஒப்புக்கொண்டார். அண்ணா, இரண்டு பக்கமும் சொல்லலாம் என்று நீங்கள் திறக்கும் கதவு எவ்வளவு அகலம் என்பதை இதைவிடத் தெளிவாக நான் சொல்ல முடியாது.

அப்புறம் அந்த அறிக்கை "வேண்டுமானால் படியுங்கள்" என்று காட்டிய புத்தகம். பள்ளிக்கு அதன் 60 பிரதிகள் வந்தன, அதற்கான பணம் ஒரு சர்ச்சில் திரட்டப்பட்டது, அதை வாரியத்தினர் கோர்ட்டில் மறைக்கப் பார்த்தார்கள். அந்தப் புத்தகத்தின் பழைய வரைவுகளைப் பேராசிரியர் பார்பரா ஃபாரஸ்ட் கொண்டுவந்து காட்டினார். 1987ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் படைப்புவாதத்தை, அதாவது உயிர்களைக் கடவுளே நேரடியாகப் படைத்தார் என்ற கருத்தை, அரசுப் பள்ளியில் கற்பிக்கக் கூடாது என்றது. அதற்கு முந்தைய வரைவில் "கிரியேஷனிஸ்ட்ஸ்" (படைப்புவாதிகள்) என்று இருக்கிறது. அதற்குப் பிந்தைய வரைவில் அதே வாக்கியம், அதே இடம், ஆனால் "டிசைன் ப்ரொபொனென்ட்ஸ்" (வடிவமைப்பை ஆதரிப்பவர்கள்). ஒரு இடத்தில் மாற்றும்போது கை தவறி, பழைய சொல்லின் தலையும் வாலும் ஒட்டிக்கொண்டு "சிடிசைன் ப்ரொபொனென்ட்சிஸ்ட்ஸ்" என்று நிற்கிறது. புதிய ஆய்வு எதையும் கண்டுபிடித்து அவர்கள் பெயரை மாற்றவில்லை. தீர்ப்பு வந்தது, பெயர் மாறியது.

கல்லணை:
அந்த ஆட்கள் பொய் சொன்னார்கள் என்றால் அவர்களைத் திட்டுங்கள், நானும் சேர்ந்து திட்டுகிறேன். கடவுள் பேரைச் சொல்லிக்கொண்டு கோர்ட்டில் பொய் சொல்வது எனக்குத்தான் அதிகம் வலிக்கிறது. இன்டெலிஜென்ட் டிசைனை வளர்க்கும் சியாட்டில் டிஸ்கவரி இன்ஸ்டிட்யூட்டே டோவர் வாரியம் இதைக் கட்டாயமாக்கியதை ஆதரிக்கவில்லை, அதையும் சொல்லுங்கள். ஆனால் என் மோட்டாருக்கு இன்னும் பதில் வரவில்லை.

வேப்பம்பூ:
நான் விலங்கியல் ஆசிரியை, 22 வருடமாகப் பத்தாம் வகுப்புக்கு எடுக்கிறேன். கல்லணை சார், உங்கள் மோட்டாருக்கே வருகிறேன். கசையிழையின் அடிப்பாகத்தில் உள்ள புரதங்களில் பத்து வாக்கில் பிளேக் கிருமி போன்றவற்றிடம் வேறு ஒரு கருவியாக இருக்கின்றன. அது சுழலாது, ஊசி மாதிரி நம் செல்லுக்குள் நஞ்சை ஏற்றும். எது முதலில் வந்தது என்று ஆய்வாளர்களே விவாதிக்கிறார்கள், இருக்கட்டும். பாகத்தை எடுத்தால் மிச்சம் எதற்குமே ஆகாது என்பதுதான் பீஹியின் வாதத்தின் அடித்தளம், அது சரியில்லை. மிச்சம் வேறு வேலை செய்கிறது.

கல்லணை:
டீச்சர், பழைய மோட்டாரின் ஷாஃப்டைக் கழற்றி நான் வேறு மெஷினில் போடுவதுண்டு. அதைப் போடுவதற்கு நான் ஒருவன் இருக்கிறேனே!

வேப்பம்பூ:
நல்ல பதில் சார். ஆனால் உங்கள் மோட்டார் குட்டி போடுவதில்லை. குட்டி போட்டு, ஒவ்வொரு குட்டியும் கொஞ்சம் மாறிப் பிறந்து, ஓடுவது மட்டும் பிழைத்து மறுபடி குட்டி போட்டால், அந்த இடத்தில் ஆள் இல்லாமலே வேலை நடக்கும். டிபி மருந்துக்கு அடங்காத கிருமி அப்படித்தான் வந்தது.

என் வகுப்பில் நான் பெரிய பேச்சு எதுவும் பேசுவதில்லை. கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் சேர்த்துத் தொடு, மணிக்கட்டை உன் பக்கம் லேசாக மடக்கு என்பேன். நடுவில் ஒரு தசைநாண் கயிறு மாதிரி புடைத்து நிற்கும். சிலருக்கு ஒரு கையில் இருக்கும், மறு கையில் இருக்காது. சிலருக்கு இரண்டிலும் இல்லை. வகுப்பே மணிக்கட்டை நீட்டி நீட்டிப் பார்க்கும். இல்லாதவன் பயந்துபோய் "மிஸ், எனக்கு ஏதாவது ஆகிவிட்டதா?" என்பான். ஒன்றும் ஆகாது, பிடி வலு குறையாது, அறுவை மருத்துவர்கள் அதை எடுத்து வேறு இடத்தில் வைத்துத் தைக்கவே செய்கிறார்கள் என்று சொல்லிவிட்டு, மரத்தில் தொங்கும் குரங்குகளின் கையில் அதே தசைநாண் எப்படி இருக்கிறது என்று படம் காட்டுவேன்.

கல்லணை:
இப்போதுதான் பார்த்தேன். எனக்கு வலது கையில் மட்டும் இருக்கிறது. ஆனால் டீச்சர், இது பரிணாமத்துக்கு நிரூபணம் ஆகாது. பயன் குறைந்த உறுப்பு என்றால் வடிவமைத்தவர் இல்லை என்று ஆகிவிடுமா?

வேப்பம்பூ:
ஆகாது. தனியாக இது நிரூபணம் இல்லை, வகுப்பிலும் அப்படிச் சொல்ல மாட்டேன். நிரூபணம் மாதிரி வேண்டுமென்றால் டோவர் கோர்ட்டில் கென்னத் மில்லர் சொன்னதைக் கேளுங்கள். அவர் கத்தோலிக்கர், பள்ளி உயிரியல் பாடநூலின் ஆசிரியர்களில் ஒருவர். சிம்பன்சிக்கும் கொரில்லாவுக்கும் 48 குரோமோசோம், நமக்கு 46. பொது மூதாதை உண்மையானால் ஒரு ஜோடி எங்கே போனது? தொலைந்திருந்தால் உயிர் பிழைத்திருக்காது, ஆகவே இரண்டு குரோமோசோம்கள் ஒட்டியிருக்க வேண்டும். ஒட்டியிருந்தால், வழக்கமாக நுனியில் மட்டும் இருக்கும் டிஎன்ஏ அமைப்பு ஏதோ ஒரு மனிதக் குரோமோசோமின் நடுவில் கிடக்க வேண்டும். தேடினார்கள், இரண்டாம் குரோமோசோமின் நடுவில் இருக்கிறது. கிடைக்காமல் போயிருந்தால் எங்கள் பாடம் பெரிய சிக்கலில் மாட்டியிருக்கும். இப்படி மாட்டிக்கொள்ள ஒரு இடத்தை இன்டெலிஜென்ட் டிசைன் காட்டட்டும், அடுத்த வாரமே வகுப்பில் எடுக்கிறேன்.

நெட்டிலிங்கம்:
பரிணாமத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அறிவியல் எது என்று நீதிபதி முடிவு செய்வது எனக்கு உறுத்துகிறது. இன்று நல்ல நீதிபதி, நாளை? அதோடு, தவறான கருத்தை வகுப்பில் வைத்து உடைத்துக் காட்டினால் பிள்ளைகள் இன்னும் நன்றாகப் புரிந்துகொள்வார்களே.

செங்காந்தள்:
உறுத்தல் நியாயம்தான். ஆனால் முதலில் அதிகாரத்தைப் பயன்படுத்தியது வாரியம். அறிவியல் மாநாடு எதிலும் ஜெயிக்காத கருத்தை வாக்கெடுப்பில் ஜெயிக்க வைத்தார்கள். ஊர் மக்களும் சும்மா இருக்கவில்லை. தீர்ப்புக்கு முன்பே, 2005 நவம்பர் தேர்தலில், போட்டியிட்ட வாரிய உறுப்பினர்கள் எட்டுப் பேரும் தோற்றார்கள். வழக்குச் செலவாகப் பள்ளி கட்டியது 10 லட்சம் டாலர்.

வேப்பம்பூ:
உடைத்துக் காட்டலாம் என்கிறீர்களே நெட்டிலிங்கம், எனக்கு அந்தப் பாடத்துக்குக் கிடைப்பது சில பீரியட்கள். அதில் ஒன்றை இதற்குக் கொடுத்தால் எதை விடுவது? ஏற்கனவே 2023ல் என்சிஇஆர்டி, அதாவது மத்திய அரசின் பாடநூல் தயாரிக்கும் நிறுவனம், பத்தாம் வகுப்பிலிருந்து பரிணாமத்தையே எடுத்துவிட்டது. "மரபும் பரிணாமமும்" என்ற பாடம் "மரபு" என்று மட்டும் நிற்கிறது. 1,800க்கும் அதிகமான விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் கையெழுத்திட்டுக் கடிதம் எழுதினார்கள். பன்னிரண்டில் இருக்கிறதே என்கிறார்கள். பத்தோடு உயிரியலை விடுகிற பிள்ளைக்கு அது எப்போது கிடைக்கும்? நம் மாநிலப் பாடநூலில் "உயிரின் தோற்றமும் பரிணாமமும்" பத்தாம் வகுப்பிலேயே இருக்கிறது, அது எனக்குப் பெரிய நிம்மதி.

கல்லணை:
பாடத்தையே எடுத்துவிடுவது தவறு, அதில் உங்களோடு இருக்கிறேன். என் மகள் இந்த வருடம் பத்தாம் வகுப்புதான். அவள் பரீட்சையில் "இது என் நம்பிக்கை இல்லை" என்று எழுதினால் மார்க் குறைப்பீர்களா டீச்சர்?

வேப்பம்பூ:
டார்வின் சொன்னது என்ன, அதற்கு ஆதாரம் என்ன என்று சரியாக எழுதிவிட்டு அதற்குக் கீழே அப்படி எழுதினால் முழு மார்க். அவள் ஜெபத்தில் நான் தலையிட மாட்டேன். ஆதாரத்தை எழுதாமல் அதை மட்டும் எழுதினால் சுழியம்.

கல்லணை:
சரி, அது நியாயம். ஆனால் உயிரின் தோற்றம் என்ற பகுதியில் முதல் செல் எப்படி வந்தது என்பதற்கு இன்னும் முழு விடை இல்லை என்று அவளிடம் சொல்வீர்களா?

வேப்பம்பூ:
சொல்வேன் சார், வருடா வருடம் சொல்கிறேன். அது இன்னும் முடியாத ஆராய்ச்சி, யாருக்கு ஆசையோ படித்துவிட்டு வந்து கண்டுபிடியுங்கள் என்றுதான் அந்தப் பீரியடை முடிப்பேன்.