மடக்கு கேரவனுக்குக் கழற்றி மாட்டும் பந்தல்: நம்ம பக்கத்து அனுபவங்கள்

காரைக்குடியிலிருந்து:

மடக்கு கேரவன் (காருக்குப் பின்னால் இழுத்துப் போகிற, கூரை மடங்கும் வீட்டு வண்டி) வைத்திருப்பவர்கள் பந்தல் மாட்டுவதற்காகத் தயவுசெய்து கூரையில் ட்ரில் போடாதீர்கள். ஐப்பசி மழையில் அந்த ஓட்டை வழியாகத்தான் தண்ணீர் உள்ளே வரும். மேலே சட்டம் எதையாவது நிரந்தரமாக முறுக்கிவிட்டால் கூரையும் ஒழுங்காக மடங்காது.

என்னுடையது 14 அடிக்கு 10 அடி கித்தான், அவ்வளவுதான். வாசல் பக்கம் இரண்டு கம்பு தாங்க எட்டடி நீட்டிக்கொண்டு நிற்கும். மீதி ஆறடி கூரைமேல் படுத்து மறுபக்க விளிம்பு வரை போகும். அந்த ஓரத்துக் கண்ணிகளில் (துணியில் அடித்த வளையங்கள்) கயிறு கோத்து, கீழே சேஸிஸில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில், இழுத்துக் கட்டிவிடுவேன். கூரைக்கும் கித்தானுக்கும் நடுவே ஏசி பைப்புக்குச் சுற்றுகிற ஃபோம் உறையை நாலு இடத்தில் வைத்தால் காற்று ஓட வழி கிடைக்கும், உள்ளே சூடும் குறையும்.

தைக்கிற வேலையை சீட் கவர் தைக்கும் கடையில் கொடுங்கள். வீட்டு மிஷின் ஊசி கித்தான் மடிப்பைத் தாங்காது. பாலியெஸ்டர் நூல் போடச் சொல்லுங்கள், பருத்தி நூல் வெயிலில் இற்றுப்போகும். நாலு மூலையிலும் துணியை இரட்டையாக வைத்துத் தைத்து, அப்புறம்தான் பித்தளைக் கண்ணி அடிக்க வேண்டும்.

கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டுப் பக்கம் நிறுத்தி, முளை அடிக்கக் கடப்பாரையை எடுத்தேன். டிவிஎஸ் 50-யில் போய்க்கொண்டிருந்த பந்தல்காரர் ஒருவர் வண்டியை நிறுத்திவிட்டார். "தம்பி, இது செம்புராங்கல்லு. முளைதான் வளையும். தண்ணி கேன் இருக்கா?" என்றார். 20 லிட்டர் கேன் நிரம்பினால் 20 கிலோ. கம்புக்கு ஒரு கேன் வீதம் கயிற்றைக் கட்டி, நுனியை இழுத்தால் அவிழ்கிற உருவுமுடிச்சையும் போட்டுக் காட்டினார். சும்மா போகவில்லை. முன்கம்பு இரண்டையும் ஒரே உயரத்துக்கு நான் நிறுத்தியிருந்ததைப் பார்த்துவிட்டு, "ஒரு மூலை தாழ்ந்து நிக்கட்டும், தண்ணி அதுல எறங்கிப் போகும்" என்று ஒரு கம்பை முக்கால் அடி இறக்கியும் வைத்தார். காசு நீட்டினேன், வாங்கவில்லை.

பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். நீட்டி நிற்கிற 80 சதுர அடியில் 10 மில்லிமீட்டர் பெய்தால் 74 லிட்டர், அதாவது 74 கிலோ. துணி நடுவில் தொய்ந்து அவ்வளவும் தேங்கினால் கம்பு என்ன ஆகும்?

தேவகோட்டையிலிருந்து:

அண்ணே, மழைக்குக் கித்தான் சரி. ஆடிக் காற்றில் அது பாய்மரம் ஆகிவிடும். நான் நர்சரிக்காரர்கள் கட்டுகிற பச்சை வலைக்கு மாறிவிட்டேன், 75 சதவீத நிழல் தருகிற ரகம். காற்று ஊடே போய்விடுவதால் கம்பு ஆடுவதில்லை, மடித்தால் பைக்குள் அடங்கும். மழைக்கு ஆகாது, ஒத்துக்கொள்கிறேன்.

பிள்ளையார்பட்டியில் சதுர்த்திக் கூட்டம். ஊருக்கு வெளியே வலையைக் கட்டி, ஸ்டவ்வில் காபிக்குப் பால் வைத்திருந்தோம். ஒரு ஆச்சி நேராக உள்ளே வந்து ஸ்டூலில் உட்கார்ந்து, "பணியாரம் இருக்கா, கந்தரப்பம் மட்டுந்தானா?" என்று கேட்டார்கள். கடை இல்லை ஆச்சி என்று சொன்னதும் எழுந்திருக்கவில்லை. "அப்ப காபியாச்சும் குடு." அவர்களுக்குப் பின்னாலேயே இன்னும் நாலு பேர் வந்து நின்றுவிட்டார்கள். கடைசியில் எங்களுக்குத்தான் பால் இல்லை.

பள்ளத்தூரிலிருந்து:

துணியைப் பற்றியே பேசுகிறீர்கள், வண்டியை எந்தப் பக்கம் திருப்பி நிறுத்துவது என்று யாரும் சொல்லவில்லையே. வண்டியின் நீளம் தெற்கு வடக்காக, வாசல் கிழக்கே பார்த்து இருக்கட்டும். பிற்பகலில் வண்டியின் நிழலே பந்தல் பக்கம் விழும். வடக்குப் பக்கம் எப்போதும் நிழல் என்று நம்பி நிறுத்தாதீர்கள். நாம் இருப்பது 10 டிகிரி அட்சரேகையில். சித்திரை முதல் வாரத்தில் உச்சிவெயில் தலைக்கு நேர்மேலே நிற்கும், ஆனி ஆடியில் வடக்கே சாய்ந்து அடிக்கும்.

காலை வெயிலுக்கு என்ன செய்வது என்றால், பந்தலின் முன் ஓரத்தில் ஒரு பழைய வேட்டியைக் கிளிப் போட்டுத் தொங்கவிடுங்கள், போதும். பத்து மணிக்கு மேல் எடுத்துவிடலாம்.

காரைக்குடி அண்ணனுக்கு ஒன்று: ஈரக் கித்தானை அப்படியே மடித்து உள்ளே போட்டுவிடாதீர்கள், பூஞ்சை பிடித்தால் அந்த நாற்றம் போகவே போகாது. மழையில் கிளம்ப வேண்டி வந்தால் சுருட்டி வெளியே கட்டிக்கொண்டு வந்து, வீட்டு மொட்டைமாடியில் காயப்போட்ட பிறகு மடியுங்கள்.