எஸ்.ஆர்.ஏ. போட்டால் சிமெண்டின் வேகம் குறைகிறதா?

சைட்காரன்:
குடோன் தரை, எம்30 வலிமைத் தரக் காங்கிரீட். விரிசல் வரக்கூடாது என்று சுருக்கம் குறைக்கும் அட்மிக்ஸரை (கலவையில் சேர்க்கும் திரவ மருந்தை), அதாவது எஸ்.ஆர்.ஏ.வை, சிமெண்ட் எடையில் 2% சேர்க்கச் சொன்னார் கன்சல்டன்ட். செட்டாக, அதாவது இறுக, ரொம்ப நேரம் பிடித்தது. 7 நாள் கியூபை (சோதனைக் கட்டியை) உடைத்துப் பார்த்த வலிமையும் எப்போதையும்விடக் குறைவு. சிமெண்ட் தண்ணீரோடு வினைபுரிந்து இறுகும் ஹைட்ரேஷனையே கெடுக்கிற சாமான் எதற்கு? பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினால் போதாதா?

நுண்துளை:
போதாது. அப்படி ஈரம் காக்கும் கியூரிங் செய்யும்வரை தரை காயாது, அவ்வளவுதான். கியூரிங்கை முடித்த மறுநாளிலிருந்து காயத்தானே போகிறது? காங்கிரீட்டில் 50 நானோமீட்டருக்கும் சிறிய துளைகளில் நீர் வற்றும்போது அதன் மேற்பரப்பு குழிந்து, துளைச் சுவர்களை உள்ளே இழுக்கிறது. தூய நீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன். கிளைக்கால் ஈதர் வகை எஸ்.ஆர்.ஏ. அதைக் கிட்டத்தட்டப் பாதியாக்கும். இழுப்பு குறைந்தால் சுருக்கமும் குறையும். 1980களில் ஜப்பான்காரர்கள் இதை உருவாக்கியதே இதற்காகத்தான்.

சைட்காரன்:
இயற்பியல் சரி. செட்டிங் ஏன் இழுத்தது? அதைச் சொல்லவில்லையே.

நுண்துளை:
அது கரைதிறன் விஷயம். எஸ்.ஆர்.ஏ. கலந்த நீரின் முனைவுத்தன்மை குறைவு. சிமெண்டில் இருக்கும் சோடியம், பொட்டாசியம் சல்பேட்டுகள் அதில் முன்போலக் கரைவதில்லை, துளைநீரில் காரம் இறங்குகிறது. முதல் நாட்களில் ஹைட்ரேஷனை முடுக்கிவிடுவதே அந்தக் காரம்தான். இதைத் தாமதம் என்று சொல்லுங்கள், கெடுதல் என்று சொல்லாதீர்கள்.

சைட்காரன்:
7 நாளில் ஃபோர்க்லிஃப்ட் ஏற்ற வேண்டியவனுக்கு இரண்டும் ஒன்றுதான்.

பேட்சிங்_பழசு:
குறுக்கே வருகிறேன். கன மீட்டருக்கு 380 கிலோ சிமெண்ட் என்றால் 2% என்பது 7.6 கிலோ, ஏறக்குறைய 8 லிட்டர் திரவம். அந்த 8 லிட்டரைத் தண்ணீரில் கழித்தீர்களா? காங்கிரீட் கலக்கும் நிறைய பிளாண்டில் கழிப்பதே இல்லை. அப்புறம் ஸ்ட்ரென்த் போச்சு என்று மருந்தைத் திட்டுவார்கள்.

சைட்காரன்:
கழித்தோம். 160 லிட்டர் போக வேண்டிய இடத்தில் 152 என்று பேட்ச் ஷீட்டில் இருக்கிறது. அப்படியும் மெதுவாகத்தான் செட்டானது.

பேட்சிங்_பழசு:
சிமெண்ட் ஓபிசியா (சாதாரண போர்ட்லண்ட் சிமெண்ட்), பிபிசியா (ஃபிளை ஆஷ், அதாவது நிலக்கரிச் சாம்பல் கலந்தது)?

சைட்காரன்:
பிபிசி.

பேட்சிங்_பழசு:
அங்கேதான் இடிக்கிறது. ஃபிளை ஆஷ் வினைபுரியவே காரம் வேண்டும், அந்தக் காரத்தை எஸ்.ஆர்.ஏ. ஏற்கனவே இறக்கிவிட்டது. ஏற்கனவே மெதுவான சிமெண்டுக்கு மேலும் ஒரு பிரேக். தரையின் அடுத்த பகுதியில் ஓபிசி, 1% டோஸ் என்று ட்ரையல் போட்டுப் பாருங்கள்.

நுண்துளை:
1%க்கு இறக்கினால் சுருக்கக் குறைப்பும் இறங்கும், அதையும் சொல்லுங்கள். நான் 2%ஐ விடமாட்டேன். ஓபிசிக்கு மாறுங்கள், கியூரிங்கையும் விடாதீர்கள். பிபிசியோடு தொடர்ந்தால் காங்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456 சொல்லும் 10 நாள் ஈரம் குறைந்தபட்சம். 28 நாள் கியூப் வரட்டும், அப்புறம் தீர்ப்பு சொல்லலாம்.

சைட்காரன்:
28 நாள் கியூப் நன்றாகவே வரட்டும். தரையைத் தேய்த்து வழவழப்பாக்கும் ட்ரோவல் மெஷினை மேலே ஏற்ற ராத்திரி 2 மணி வரை ஆள் நிறுத்தினேனே, அந்த ஓவர்டைமை உங்கள் பரப்பு இழுவிசையா தரும்?

பேட்சிங்_பழசு:
கன்சல்டன்டிடம் பில் போடுங்கள் :)