பொருள்: முளையாணி, நீட்சியாணி, தணிப்பான் – 6.0 டீசல் எஞ்சின் குறிப்புக்கான சொற்கள்

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

ஃபோர்டு பிக்கப்புகளில் 2003 முதல் 2007 வரை வந்த 6.0 பவர் ஸ்ட்ரோக் எஞ்சினைப் பற்றி ஹூஸ்டன் தம்பி எழுதிவரும் தமிழ்க் குறிப்புக்குச் சொற்கள் கேட்டிருந்தார். சென்னை ஐயா உடனே ஒரு பட்டியல் அனுப்பினார். அதிலிருந்து இரண்டு:

> டார்க்-டு-யீல்டு போல்ட் – விளைச்சல் முறுக்காணி
> ஈஜிஆர் கூலர் – வெளியேற்று வளி மறுசுழற்சிக் குளிர்விப்பான்

ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது. நான் இருப்பது கொழிஞ்சாம்பாறையில். பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்தில் விளைச்சல் என்றால் நெல். ஆழியாற்றுத் தண்ணீர் வராத ஆண்டில் அதுவும் இல்லை. ஆங்கில 'யீல்டு'க்கு அந்தப் பொருளும் உண்டுதான், ஆனால் எஞ்சின் ஹெட்டை, அதாவது சிலிண்டர்களின் மேல்மூடியை, பிடித்திருக்கும் ஆணிக்கு அந்தச் சொல் எதற்கு?

அந்த ஆணி செய்யும் வேலையைப் பார்ப்போம். முறுக்க முறுக்க அது தன் மீள்தன்மையின் எல்லையைத் தாண்டிச் சற்றே நீள்கிறது. அந்த இழுவிசைதான் ஹெட்டை, சிலிண்டர்கள் இருக்கும் பிளாக்கோடு அழுத்திப் பிடிக்கிறது. ஆனால் நீண்டது நீண்டதுதான். கழற்றினால் பழைய அளவுக்குத் திரும்பாது, ஆகவே மறுபடி போடக் கூடாது. ஆணியைக் கையில் வைத்திருப்பவனுக்குத் தெரிய வேண்டிய முதல் செய்தி இதுதான். எனவே 'நீட்சியாணி' என்கிறேன். நீண்டுவிட்ட ஒன்றைத் திரும்பப் போடலாமா என்ற சந்தேகத்தையாவது அந்தப் பெயர் கிளப்பும்.

இதற்கு மாற்றாகப் போடுகிற ஸ்டட்டுக்குத் தம்பி 'நிலைமரையாணி' என்று எழுதியிருக்கிறார். தப்பில்லை, ஆனால் 'முளையாணி' போதும். மாடு கட்ட முளை அடிப்பதுபோல இதை முதலில் பிளாக்கில் நட்டுவிடுகிறோம். பிறகு மேலே நட்டைப் போட்டு முறுக்குகிறோம். பிளாக்கின் மரைக்குள் ஆணி சுழல்வதில்லை. ஆணியின் மேல் முறுக்கு குறைந்து இழுப்பு மட்டும் மிஞ்சுவதால் பிடிமானம் சீராக விழுகிறது. இந்த எஞ்சினில் ஒரு சிலிண்டரைச் சுற்றி 4 ஆணிகள்தான். இதற்கு முந்தைய 7.3 எஞ்சினில் 6 இருந்தன. டர்போ அழுத்தத்தைக் கூட்டி ஓட்டினால் ஹெட் இம்மியளவு எழும்பும், சிலிண்டரில் எரிந்த வாயு கூலண்டுக்குள் (எஞ்சினின் சூட்டைத் தணிக்கச் சுற்றிவரும் நீர்மம்) புகும், கூலண்ட் டப்பா மூடிவழியே கக்கும்.

இனித் தம்பிக்கு ஒரு வார்த்தை. குறிப்பில் முளையாணியை முதல் அத்தியாயமாக வைத்திருக்கிறீர்கள். அதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். நன்றாக ஓடுகிற எஞ்சினின் ஹெட்டை முளையாணிக்காக மட்டும் தூக்குவது எனக்கு உடன்பாடில்லை. நோய் தொடங்கும் இடம் வேறு.

இரண்டு சிலிண்டர் வரிசைகளுக்கும் நடுவிலுள்ள பள்ளத்தில், எண்ணெய் வடிகட்டிக்குக் கீழே ஆயில் கூலர் உட்கார்ந்திருக்கிறது. அதன் தகடுகளுக்கு இடையில் கூலண்ட் ஓடும் வழிகள் மிகக் குறுகல். வார்ப்பின்போது தங்கிய மணலும் கூலண்டிலிருந்து பிரியும் சிலிக்கேட் கசடும் அங்கேதான் அடைக்கும். அதைத் தாண்டிய கூலண்ட்தான் ஈஜிஆர் கூலருக்கு, அதாவது திரும்ப எஞ்சினுக்குள் விடும் புகையின் சூட்டைத் தணிக்கும் பாகத்துக்கு, போகிறது. முன்னது அடைத்தால் பின்னது பட்டினி. உள்ளே அனல் புகை, வெளியே போதிய நீர் இல்லை. வெடிக்காமல் என்ன செய்யும்? வெடித்தால் கூலண்ட் காற்றுவழியில் கசிந்து, புகைபோக்கியில் இனித்த வாடையோடு வெண்புகை வரும். பலர் அந்தக் கட்டத்தில் ஈஜிஆர் கூலரை மட்டும் மாற்றிவிட்டு, சில மாதத்தில் புதியதையும் வெடிக்கவிடுகிறார்கள்.

எனவே முதல் மேம்பாடு ஒரு மீட்டர். கண்டறிசெருகியில் (வண்டியின் கணினியோடு கருவியை இணைக்கும் ஓபிடி செருகி) மாட்டி, எண்ணெய்ச் சூட்டையும் கூலண்ட் சூட்டையும் அருகருகே காட்டுவது. எஞ்சின் நன்றாகச் சூடேறி நெடுஞ்சாலையில் சீராக ஓடும்போது இரண்டுக்கும் வித்தியாசம் 15 ஃபாரன்ஹீட், அதாவது ஏறக்குறைய 8 செல்சியஸைத் தாண்டினால் ஆயில் கூலர் அடைக்கிறது என்று பொருள். இதற்கு 'சூட்டு இடைவெளி' என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். கூலண்டை முழுக்கக் கழுவி மாற்றுவதும், கூலண்ட் வடிகட்டி ஒன்று பொருத்துவதும் அடுத்தவை.

'குளிர்விப்பான்' வேண்டாம் என்பதற்கும் இங்கேதான் காரணம் இருக்கிறது. 90 டிகிரிக்குப் பக்கத்தில் வெளியே வரும் எண்ணெயைக் குளிர்ந்தது என்று யாரும் சொல்லமாட்டார்கள்; சூடு தணிந்தது என்பார்கள். 'எண்ணெய்த் தணிப்பான்', 'மீள்புகைத் தணிப்பான்' என்று வைக்கலாம். திரும்ப எஞ்சினுக்குள் விடப்படும் புகை என்பதால் மீள்புகை.

மற்றவை சுருக்கமாக. எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் அப்படியே இருக்கட்டும். அவற்றை இயக்கும் கட்டுப்பாட்டுக் கருவி 48 வோல்ட் தர வேண்டும். 45-க்குக் கீழே இறங்கினால் காலைக் குளிரில் எஞ்சின் தடுமாறும். 'இன்ஜெக்டர் மின்பெட்டி' என்றால் புரியும். அதைக் கெடுப்பது பெரும்பாலும் நொந்துபோன பேட்டரிகள்தான். எரிபொருள் அழுத்தத்தை உயர்த்தும் நீல ஸ்பிரிங்கை 'நீலச் சுருள்வில்' எனலாம், விவாதமே வேண்டாம். பிற்கால எஞ்சின்களில் உயரழுத்த எண்ணெய் பம்பின் மேலுள்ள 'சொருகிணைப்பு' (எஸ்டிசி ஃபிட்டிங்) கசியும். இந்த எஞ்சினில் இன்ஜெக்டரைத் திறப்பது எண்ணெய் அழுத்தம்தான்; அது சுமார் 500 பிஎஸ்ஐ ஏற வேண்டும், கசிந்தால் ஏறாது. குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் ஆகி, சூடாக நிறுத்தினால் மறுபடி ஆகாத வண்டியில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். மரையாணியால் இறுக்கும் ஒற்றைத் துண்டு இணைப்பு அதற்கு மாற்று.

மீள்புகை அமைப்பையே கழற்றி எறியும் வேலைக்குச் சொல் கேட்டிருந்தீர்கள். 'நீக்கம்' என்றே எழுதலாம். சாலையில் ஓடும் வண்டியில் அதைச் செய்வது அமெரிக்கத் தூய காற்றுச் சட்டத்துக்குப் புறம்பானது என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள்.

– கொழிஞ்சாம்பாறையிலிருந்து

*

சென்னையிலிருந்து:

விளைச்சலைத் திரும்பப் பெறுகிறேன், நெல்லோடு சேர்த்து உங்களுக்கே. ஆனால் 'முளை' என்றால் விதை முளைப்பதுதான் இன்றைய பிள்ளைகளுக்கு நினைவில் வரும். 'தறி' என்றாலும் நட்ட கம்பம்தானே? 'தறியாணி' எப்படி?

*

நகரியிலிருந்து:

ஐயா, எங்கள் ஊரில் வந்து தறியாணி கேட்டுப் பாருங்கள். விசைத்தறிக்கு உதிரிபாகம் விற்கும் கடைக்கு வழி காட்டுவார்கள். முளையாணியே இருக்கட்டும். என் குறை 'தணிப்பான்' மேல். ஒலியையும் அதிர்வையும் அடக்கும் கருவிகளுக்கும் அதே சொல் புழங்குகிறது. பாகங்களின் பட்டியலில் இரண்டும் அடுத்தடுத்து வந்தால் குழப்பம்தான்.

*

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

நகரி அம்மா சொல்வது நியாயம். பட்டியலில் 'எண்ணெய்ச் சூடுதணிப்பான்', 'மீள்புகைச் சூடுதணிப்பான்' என்று முழுதாக எழுதுவோம். விளக்கப் பகுதியில் 'தணிப்பான்' என்று சுருக்கினால் இடத்தைப் பார்த்தே புரிந்துகொள்வார்கள். முளையாணிக்குத் தம்பி ஒரு படம் வைத்துவிட்டால் சென்னை ஐயாவின் கவலையும் தீரும்.

டர்போவின் அசையும் இதழ்கள் துருவேறிச் சிக்கிக்கொள்வதைப் பற்றி இன்னும் யாரும் பேசவில்லை. அதற்கான சொற்களைத் தனி இழையில் தொடங்குங்கள். நீட்சியாணியை விடச் சின்னதாக ஒரு சொல் யாரிடமாவது இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்புங்கள். அதன் பிறகு தம்பி அச்சுப்படி எடுக்கப்போகிறார்.