மெர்சோ சுட்ட மனிதருக்கு ஏன் பெயரில்லை?

கேள்வி: தருமபுரி வாசகி

வணக்கம். தருமபுரியில் நாங்கள் சிலர் மாதந்தோறும் கூடி நாவல்களைப் பற்றிப் பேசுகிறோம். இம்முறை, வெ. ஸ்ரீராம் மொழிபெயர்த்த ஆல்பெர் காம்யுவின் ‘அந்நியன்’ (1942). அபத்தம், அதாவது அர்த்தம் தேடும் மனிதருக்கு உலகம் பதிலே தராத நிலை, மனிதர் எல்லாருக்கும் பொதுவானது என்றே பேச்சு முழுவதும் அமைந்தது. அல்ஜீரியாவின் அல்ஜியர்ஸ் நகரை அடுத்த கடற்கரையில், கதைநாயகன் மெர்சோ சுட்ட ஐந்து குண்டுகள் பாய்ந்து இறக்கும் அராபியருக்குக் கடைசிவரை ஒரு பெயர்கூட இல்லாதது என்னை விடாமல் உறுத்துகிறது. இந்த அபத்தத்தை அங்கிருந்த பிரெஞ்சுக் காலனி ஆட்சியிலிருந்து பிரித்துப் படிக்க முடியுமா?

பதில் 1: கிருஷ்ணகிரி ஆசிரியர்

முடியாது என்பதே என் கருத்து, அம்மா. நீதிமன்றக் காட்சியை மறுபடி படித்துப் பாருங்கள். தாயின் சாவுக்கு மெர்சோ அழவில்லை என்பதுதான் அங்கே பெருங்குற்றமாக விசாரிக்கப்படுகிறது. இறந்தவரின் சகோதரியோ அவருடன் கடற்கரையில் இருந்தவரோ சாட்சி சொல்ல அழைக்கப்படுவதே இல்லை. 1830இல் பிரெஞ்சுப் படை அல்ஜியர்ஸைப் பிடித்தது, 1848இல் அல்ஜீரியா பிரான்சின் பகுதியாக அறிவிக்கப்பட்டது, ஆனால் பெரும்பான்மையான முஸ்லிம்களுக்கு முழுக் குடியுரிமை கிடைக்கவில்லை. அத்தகைய மண்ணில் ஓர் அராபியரைக் கொன்றதற்காக ஒரு பிரெஞ்சுக்காரரின் தலை கில்லட்டினில் விழும் என்பதை நம்புவது கடினம் என்று 1970இலேயே அயர்லாந்து எழுத்தாளர் கானர் குரூஸ் ஓபிரையன் எழுதினார். நம் தருமபுரி, கிருஷ்ணகிரி பகுதிகள் அடங்கிய பாரமகால் 1792இல் கம்பெனியின் கைக்குப் போனபின் நிலத்தை அளந்து வரி விதித்த ரீடையும் மன்றோவையும் நாம் பெயர் சொல்லிப் பேசுகிறோம். வரி கட்டிய குடியானவர்களில் ஒருவரை அப்படிச் சொல்ல முடியுமா?

பதில் 2: ஓசூர் வாசகர்

ஆசிரியர் ஐயா சொல்வதை ஏற்கிறேன், ஆனால் காம்யு கண்ணை மூடிக்கொண்டவர் அல்லர். 1939இல் அல்ஜீரியாவின் கபிலியா மலைப்பகுதியின் பஞ்சத்தைப் பற்றி அவர் எழுதிய செய்திக் கட்டுரைகளில், கந்தலுடுத்த சிறுவர்கள் குப்பைத்தொட்டிக்காக நாய்களோடு சண்டையிட்டதைப் பதிவு செய்திருக்கிறார். நாவலிலும் ஓர் இடம் உண்டு. சிறையில் பெரும்பாலோர் அராபியர். தான் ஓர் அராபியரைக் கொன்றதாக மெர்சோ சொன்னதும் அவர்கள் மௌனமாகிறார்கள், பிறகு படுக்கப் பாயை எப்படி விரிப்பது என்று அவனுக்குக் காட்டித் தருகிறார்கள். அந்த மனிதர்களின் பக்கம் கதை திரும்பியிருக்கக் கூடாதா என்ற ஏக்கம் எனக்கு ஒவ்வொரு வாசிப்பிலும் வருகிறது.

பதில் 3: அரூர் வாசகர்

அப்படித் திரும்பிய நாவல் ஒன்று இருக்கிறது. அல்ஜீரியரான கமெல் தாவுத் 2013இல் வெளியிட்ட நாவலில், இறந்தவருக்கு மூஸா என்று பெயர்; கதை சொல்பவர் அவருடைய தம்பி ஹாரூன். 1962 ஜூலை 5இல் விடுதலை வந்த சில நாள்களுக்குள் ஹாரூன் ஒரு பிரெஞ்சுக்காரரைக் கொல்கிறார். அவரை விசாரிக்கும் அதிகாரியின் சினம் கொலை நடந்ததற்காக அல்ல. அதை ஏன் ஜூலை 5க்கு முன்பே, மற்றவர்களோடு சேர்ந்து செய்யவில்லை என்றே அவர் கேட்கிறார். பின்பு வழக்கே இல்லாமல் ஹாரூன் விடுவிக்கப்படுகிறார். தேதி மாறினால் ஒரே செயல் வீரமாகவும் குற்றமாகவும் ஆகும் இந்த அபத்தத்தை வானத்திலிருந்து யாரும் இறக்கவில்லை. 132 ஆண்டுக் காலனி ஆட்சியின் வரலாறு உண்டாக்கியது. காம்யுவைப் பழிப்பதற்கு இதைப் படிக்க வேண்டாம், அவர் நிறுத்திய இடத்திலிருந்து தொடர்வதற்குப் படியுங்கள்.

தருமபுரி வாசகி

மிக்க நன்றி. அடுத்த கூட்டத்துக்குத் தாவுத்தின் நாவலையே முன்மொழிகிறேன். அதன்பின் கொள்ளைநோயைப் பற்றிக் காம்யு 1947இல் எழுதிய நாவலையும் எடுக்கலாம். அல்ஜீரியாவின் ஓரான் நகர அராபியரின் வாழ்நிலையை விசாரிக்கவே பத்திரிகையாளர் ராம்பேர் அங்கு வருகிறார், ஆனால் நோய் பரவத் தொடங்கியபின் அந்த விசாரணை என்னவாயிற்று என்று நாவலில் எவரும் கேட்பதில்லை.